மூளைக்குள் நுழையும் ஆன்டிபாடி

நாமக்கல் பண்ணைகளில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடுவது வாடிக்கை. அதனால் கோழியின் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதம் முட்டைக்குள்ளும் போய்ச் சேர்கிறது. ஒரு மஞ்சள் கருவில் சுமார் 100 மில்லிகிராம் ஆன்டிபாடி இருக்கும். இத்தனை பெரிய மூலக்கூறு தானாகக் கசிந்து உள்ளே போக முடியாது. செல்களின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக் கடத்திவிடுகின்றன.

மூளையைப் படமெடுப்பவர்களுக்கும் இப்படியொரு வழிதான் தேவைப்பட்டது.

ஆன்டிபாடி தனக்குரிய இலக்கை மட்டுமே பற்றும். அதில் கதிரியக்க அணுவை ஒட்டி ரத்தத்தில் செலுத்தினால், அது எங்கே தங்கியிருக்கிறது என்பதைப் பெட் ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் மூளையின் நுண்ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கே இல்லாமல் இறுகிக் கிடக்கின்றன. ரத்தத்திலுள்ள ஆன்டிபாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உள்ளே போகிறது. மூளைக்குப் பரவிய புற்றுக்கட்டி அந்தச் சுவரைச் சிதைத்திருந்தால் நிலைமை வேறு. கதிரியக்கச் சிர்கோனியம்-89 ஒட்டிய டிராஸ்டுசுமாப் என்னும் ஆன்டிபாடி, மார்பகப் புற்றுநோயாளிகள் சிலரின் மூளைக்கட்டிகளைக் காட்டியதாக நெதர்லாந்து மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்டார்கள்.

அல்சைமர் நோயில் அப்படி வழி திறப்பதில்லை. அங்கே தேடப்படுவது அமிலாய்டு என்னும் புரதத் திரள். பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2004-ல் அறிமுகப்படுத்திய கதிரியக்கச் சாயம் கெட்டியான படிவுகளைத்தான் காட்டும். நரம்புகளுக்கு அதிகக் கேடு செய்வதாகக் கருதப்படும் கரைந்த திரள்களை ஆன்டிபாடியால் பிடிக்க முடியும். இவ்வளவு பாடுபடுவது அதற்காகத்தான்.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டாக் செலின், ஸ்டினா சிவானென் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். மூளைக்கு இரும்புச்சத்து வேண்டும். அதை உள்ளே இழுக்க டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற வாசல் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. அமிலாய்டைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு, அந்த ஏற்பியைப் பற்றும் இன்னொரு ஆன்டிபாடியை இணைத்தார்கள். அயோடின்-124 ஒட்டி எலிகளுக்குச் செலுத்திய மூன்றாம் நாள், அமிலாய்டு படத்தில் தெரிந்தது. 2016-ல் வெளியான இந்த ஆய்வை இத்துறையின் திருப்புமுனை என்றே சொல்லலாம். 2023-ல் அமெரிக்கா அனுமதித்த லெக்கானமாப் என்னும் அல்சைமர் மருந்தும் இதே ஆன்டிபாடி வம்சம்தான்.

மூன்று நாள் எதற்கு? எதையும் பற்றாத ஆன்டிபாடி ரத்தத்தில் வெகுநேரம் சுற்றும். அது வடியும்வரை படம் தெளியாது. அதனால்தான் அரைவாழ்வு (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) நான்கு நாளுள்ள அயோடின்-124. வழக்கமான பெட் ஸ்கேனில் பயன்படும் ஃபுளோரின்-18-க்கு அரைவாழ்வு 110 நிமிடம்தான். பெங்களூரிலிருந்து சாலை வழியாகச் சேலம் வந்து சேர்வதற்குள் கால்வாசிதான் மிஞ்சும். சிர்கோனியம்-89 அப்படிக் கரையாது, அதன் அரைவாழ்வு 78 மணி நேரம். ஆனால் நீண்ட ஆயுள் என்றால் நோயாளியின் உடலில் கதிர்வீச்சும் கூடும். ஆகவே சீக்கிரம் ரத்தத்தை விட்டு வெளியேறும் சின்ன ஆன்டிபாடிகளில் ஃபுளோரின்-18-ஐ ஒட்டி, ஒரே நாளில் படமெடுத்து முடிக்க உப்சாலா குழு எலிகளில் முயன்றுவருகிறது.