கண்டியில் 'பாசிச எதிர்ப்பு'

1945 செப்டம்பரில் பர்மியத் தலைவர்கள் சிலர் கண்டிக்கு வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஆங் சான், வயது முப்பது. அவருடைய அமைப்பின் பெயர் 'பாசிச எதிர்ப்பு மக்கள் சுதந்திரக் கழகம்'. வரவேற்றவர் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன். அவருடைய தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் முந்தைய ஆண்டிலிருந்தே பேராதனைப் பூந்தோட்டத்தில் இயங்கி வந்தது. ஆங் சானின் படைவீரர்களைப் புதிய பர்மிய இராணுவத்தில் சேர்த்துக்கொள்ளக் கண்டியில் உடன்பாடு கையெழுத்தானது.

இந்த ஆங் சான் ஜப்பானியரிடம் பயிற்சி பெற்றவர். 1942இல் ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை விரட்டியவர். ஜப்பானியர் அமைத்த பர்மிய அரசில் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். 1945 மார்ச் 27 அன்றுதான் அவருடைய படை ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது. சந்தர்ப்பவாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அடிமை நாட்டுக்காரனுக்கு எந்த எதிரி முதல் எதிரி என்பது இலண்டனில் தெரிந்த அளவுக்குத் தெளிவாக இருந்ததில்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அதே கண்டியின் சிறையில் இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஹிட்லரை ஆதரித்தவர்கள் அல்லர். இந்தப் போர் ஏகாதிபத்தியங்களுக்கிடையிலான சண்டை, இதில் நமக்கு வேலையில்லை என்றார்கள். 1940 ஜூனில் பிரிட்டிஷ் ஆட்சி அவர்களைப் பிடித்துப் போட்டது. 1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்த சூட்டோடு, காவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு தப்பினார்கள். அவர்களிடமிருந்து பிரிந்துபோன கம்யூனிஸ்டுகளோ, 1941இல் சோவியத் நாடு தாக்கப்பட்ட பிறகு, அதே போரைப் பாசிச எதிர்ப்பு மக்கள் யுத்தம் என்றார்கள். போரை ஆதரிக்காதவர் பாசிசத்துக்குத் துணைபோகிறவர் என்பது அப்போதைய வசை. 

இந்தக் கைதுகளுக்கு முன்பே, 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். ஜனநாயகத்தைக் காக்கப் போரில் இறங்கிய பேரரசின் பொலிஸ்தான் அது. கோவிந்தன் தரப்புக்காக விசாரணைக் குழுவின் முன் வாதாடியவர் கொல்வின்.

போர் முடிந்தது, பாசிசம் தோற்றது, இலங்கையும் சுதந்திரம் பெற்றது. 1948இல், வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த நாடாளுமன்றத்திலேயே, குடியுரிமைச் சட்டம் வந்தது. கோவிந்தனின் சனங்களான இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அதை எதிர்த்து வாக்களித்தவர்களில் சமசமாஜிகளும் இருந்தார்கள், கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள்.