குழாய்க்குள் மாட்டிக்கொண்ட துளி

அப்புத்தளையிலிருந்து ஓர் இளைஞர் கேள்வி அனுப்பியிருக்கிறார். பெக்கோ நடைபாதையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுகிறவர். முதுகில் மாட்டும் தண்ணீர்ப்பை ஒன்று வைத்திருக்கிறார். பையின் அடியிலிருந்து ஒரு குழாய் தோளுக்கு மேலால் முன்பக்கம் வரும். அதன் நுனியில் பல்லால் கடித்து உறிஞ்சும் வால்வு. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கழுவிக் கொடியில் போடுகிறார். பை பளிச்சென்று இருக்கிறது. குழாயின் நடுவில் மட்டும் கறுப்புப் புள்ளிகள். தண்ணீரில் பாசி வாடை. "எங்க ஊர்ப் பனிமூட்டந்தான் காரணமா, இல்ல சாமானே சரியில்லையா?" என்று கேட்கிறார்.

பனிமூட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதி, குழாயின் வடிவம்.

இந்த வகைப் பையின் வரலாறு சுருக்கமானது. 1989இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கொளுத்தும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்குப் போன மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவ உதவியாளர், சேலைன் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பினார். அதை ஒரு காலுறைக்குள் செருகி, சட்டை முதுகில் தைத்து, குழாயைத் தோளுக்கு மேலால் இழுத்து, உடுப்புக் கிளிப்பால் அடைத்தார். அதிலிருந்து கேமல்பேக் நிறுவனம் பிறந்தது. தோற்பையில் தண்ணீர் சுமப்பது மனிதருக்குப் பல ஆயிரம் ஆண்டுப் பழக்கம். ஐட்சன் புதிதாகச் சேர்த்தது அந்த நீளக் குழாயை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

குழாயின் உள்விட்டம் 6 மில்லிமீட்டர், நீளம் 1 மீட்டர் என்று கொள்வோம். அது பிடிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 28 மில்லிலீட்டர்தான். அந்தச் சிறு தண்ணீரைச் சுற்றியுள்ள உட்சுவரின் பரப்போ 188 சதுர சென்ரிமீட்டர். 2 லீட்டர் பையில் ஒரு மில்லிலீட்டருக்கு முக்கால் சதுர சென்ரிமீட்டர் சுவர் இருந்தால், குழாயில் அது ஆறரைக்கு மேல். பற்றீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள ஒரு சுவர். ஒட்டிய சில மணித்தியாலங்களில் அவை தம்மைச் சுற்றிப் பசையான சர்க்கரைச் சேர்மங்களைச் சுரந்து ஓர் உயிர்ப்படலத்தைக் கட்டிவிடுகின்றன. லயத்துப் பீலிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கறுப்புப் பொலித்தீன் குழாயை வெட்டி உள்ளே விரல் வைத்தவர்களுக்கு அந்த வழுவழுப்புத் தெரியும். தண்ணீரை எவ்வளவு வேகமாக விட்டாலும் இந்தப் படலம் போகாது. ஓடும் நீரில், சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கின் வேகம் எப்போதும் பூச்சியம். குழாயின் நடுவில் ஆறு பாய்ந்தாலும் ஓரத்தில் பற்றீரியா அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அலசுவது கழுவுவதாகாது. தூரிகை உள்ளே போய் உரசவேண்டும்.

ஆனால் நம் இளைஞர் தூரிகையும் போடுகிறார். பிறகும் ஏன் அந்தக் கறுப்புப் பூஞ்சணம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: குழாய் காய்வதே இல்லை.

குழாயின் நடுவில் ஒரே ஒரு துளி, 0.05 கிராம் தண்ணீர், மிஞ்சிவிட்டது என்று வையுங்கள். அது ஆவியாகி வெளியேற இரண்டு வாய்கள்தான் உண்டு. ஒவ்வொன்றும் அரை மீட்டர் தூரத்தில். உள்ளே காற்று அசையவில்லை என்றால், நீராவி பரவல் மூலமாக மட்டுமே நகரும். 20 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 17 கிராம். வெளியே சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய அளவில் உண்மையில் உள்ள நீராவியின் பங்கு, 50 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஒரு துளி தீர 24 நாள் வேண்டும். அப்புத்தளையில் மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறிவந்து சாரீரப்பதன் 90 சதவீதத்தில் நின்றால், 118 நாள். ஏறக்குறைய நான்கு மாதம், ஒரு துளிக்கு!

ஏன் இவ்வளவு தாமதம்? நீண்ட விடுமுறை நாளொன்றில் பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிகே ரயில் அப்புத்தளை நிலையத்தில் வந்து நிற்கிறது. பெட்டி நெரிசல். இரண்டு முனையிலும் கதவு. நடுவில் நிற்பவர் இறங்கவேண்டும். அவருக்குத் திசையே தெரியாது: ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால், யார் இடித்தாலும் அந்தப் பக்கம் நகர்வார். நீராவி மூலக்கூறின் நடை அப்படித்தான். மேடையிலும் கூட்டம் நிறைந்திருந்தால், கதவால் பத்துப் பேர் இறங்கும்போது ஒன்பது பேர் ஏறுவார்கள். 90 சதவீதச் சாரீரப்பதன் என்பதன் பொருள் இதுவே: நிகர இலாபம் ஒருவர். கடிவால்வு மூடியிருந்தால் ஒரு கதவு பூட்டு. 118 நாள் 236 நாளாகும். குழாயைப் பையிலிருந்து கழற்றாமல் விட்டால் மற்றக் கதவும் மேடைக்குத் திறக்காமல், நெரிசலான இன்னொரு பெட்டிக்குள் திறக்கிறது. சிலர் ஜன்னலால் குதிக்கலாம்: பிளாஸ்டிக் சுவர் ஊடாகவும் கொஞ்சம் நீராவி கசியும், ஆகவே உண்மையில் சற்றுச் சீக்கிரமே காயும். ஆனாலும் பூஞ்சணத்துக்கு மாதங்கள் தேவையில்லை. சில நாள் போதும்.

இப்போது அதே பெட்டியின் ஒரு கதவால் பலமான காற்றை உள்ளே விடுங்கள். மூலக்கூறுகள் தட்டித் தடுமாறி நடக்கத் தேவையில்லை, அள்ளிக்கொண்டு போகப்படுகின்றன. மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்னப் பம்ப் நிமிடத்துக்கு ஒரு லீட்டர் காற்றைத் தள்ளினால், 90 சதவீத ஈரக் காற்றாக இருந்தாலும் ஒவ்வொரு லீட்டரும் மேலும் 1.7 மில்லிகிராம் நீரைச் சுமக்கும். துளியைத் தீர்க்க 29 லீட்டர் போதும். நான்கு மாதம், அரை மணித்தியாலமாகிவிட்டது. கணக்கு சாதகமாகப் போட்டது என்று நினைத்தால் ஒரு மணித்தியாலம் விடுங்கள். இந்த ஊருக்கு இது புதிய பாடமல்ல: தம்பேதன்னையில் 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை உட்பட எல்லாத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கொழுந்தை வாட்டுவது, இலையினூடே காற்றை நகர்த்தித்தான்.

பலர் குழாயில் வாய் வைத்து ஊதுகிறார்கள். பெரிய துளிகள் தெறித்துப் போகும், அவ்வளவுதான். மூச்சுக்காற்று 34 பாகை அளவில் நீராவி நிறைந்து வருகிறது. கனமீட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம். 18 பாகைக் குழாய்க்குள் 15 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி சுவரில் படியும், வாயில் வாழும் பற்றீரியாவும் கூடவே. ஊதி ஈரப்படுத்துகிறோம்.

ஊதுவதைவிடச் சுழற்றுவது எவ்வளவோ மேல். வால்வைக் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு நுனியைப் பிடித்து, செக்கனுக்கு இரண்டு சுற்று வீதம் சுழற்றுங்கள். மறுநுனியில் உள்ள நீரை வெளியே தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு. பிறகு குழாயைச் சுருட்டாமல், இரு வாயும் திறந்தபடி, காற்று வீசும் இடத்தில் நேராகத் தொங்கவிடுங்கள். ஜூலை, ஓகஸ்டில் ஊவாவின் வரண்ட காற்று இந்த வேலையை இலவசமாகச் செய்துதரும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அடுப்பங்கரைதான் நல்ல இடம், ஆனால் புகை படக்கூடாது. வெளியே 15 பாகையில் 90 சதவீத ஈரமாயிருக்கும் காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால், அதன் சாரீரப்பதன் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

கடைகளில் "பற்றீரியா எதிர்ப்பு" என்று அச்சிட்டு, வெள்ளி கலந்த குழாய் என்று கூடிய விலைக்கு விற்பதை வாங்கச் சொல்லமாட்டேன். இத்தகைய பிளாஸ்டிக் பரப்புகளைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ 22196 முறையில், சுத்தமான பரப்பில் பற்றீரியாவை 35 பாகையில் 24 மணித்தியாலம் வைத்துத்தான் எண்ணுகிறார்கள். உங்கள் குழாய் அப்படி இருப்பதில்லை. அழுக்குப் படலம் மூடிய பின் வெள்ளி தொடுவது செத்த அடுக்கை. 99.9 சதவீதம் கொல்லப்பட்டது என்றே வைப்போம்: பத்து லட்சத்தில் ஆயிரம் மிஞ்சும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், பத்து மணித்தியாலத்தில் மறுபடி பத்து லட்சம். ஓடைத் தண்ணீரையும் அந்தக் குழாய் சுத்தமாக்காது. லயங்களுக்கும் தேயிலை மலைக்கும் கீழே ஓடும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே நிரப்புங்கள். 1,400 மீட்டருக்கு மேலுள்ள அப்புத்தளையில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதிக்கும். கிருமி சாக அது தாராளம். தெளித்த மருந்தும் உரமும் கொதித்தாலும் போகா, ஆகவே மலைக்கு மேலுள்ள ஊற்றைத் தேடுங்கள். நிரப்பும் முன் ஆறவிடவேண்டும்; கொதிநீர் பையின் ஒட்டுகளைக் கெடுக்கும்.

குளுக்கோஸ், பழச்சாறு, சீனி போட்ட பிளேன்டி எதுவும் பைக்குள் வேண்டாம். அவற்றைத் தனிப் போத்தலில் கொண்டுபோங்கள். கழுவ அப்பச்சோடா கரைத்த இளஞ்சூட்டு நீரும் நீளத் தூரிகையும் போதும். தூரிகை இல்லாதவர் நூலில் துணி முடிந்து இழுக்கலாம். குளோரின் கலந்த வெளுப்பான் போடுவதென்றால் அளவாகப் போட்டு நன்றாக அலசவேண்டும். வினாகிரியுடன் ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சு வாயு எழும். தினமும் நடப்பவர்கள் வடித்த குழாயை உறைபெட்டியில் போட்டுவைக்கலாம். குளிர் பற்றீரியாவைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்துகிறது.

கேள்வி கேட்ட தம்பிக்கு: சாமான் கூடாதது இல்லை. அந்தக் கறுப்புப் புள்ளிகள் சுவருக்குள்ளேயே ஊறிவிட்டவை, எதைப் போட்டாலும் இனிப் போகா. பையை எறிய வேண்டாம், குழாயை மட்டும் மாற்றுங்கள். அது தனியாகவே விற்கிறது. புதுக் குழாயைப் பையோடு சேர்த்து ஒருநாளும் அலுமாரிக்குள் வைக்காதீர்கள்.