பாட்டிலின் அடியில் தொடங்கும் பாடம்

காலியான தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஒரு சின்ன முக்கோணமும் நடுவில் 1 என்ற எண்ணும் தெரியும். ‘இது மறுசுழற்சிக்குப் போய்விடும்’ என்ற உத்தரவாதமாகப் பலர் அதை நினைக்கிறார்கள். உண்மையில் 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த அந்தக் குறி, பொருள் எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1 என்றால் பெட், 2 எச்டிபிஇ, 3 பிவிசி, 5 பிபி. 7 இதர வகைகள்.

கழிவு மேலாண்மையைக் கற்க விரும்புகிறவர் இங்கேயே தொடங்கலாம்.

அடுத்த பாடத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். பாட்டிலிலிருந்து ஒரு துண்டும் மூடியிலிருந்து ஒரு துண்டும் வெட்டி, தண்ணீருக்குள் அமுக்கி விட வேண்டும். பாட்டில் துண்டு அடியில் தங்கிவிடும். மூடித் துண்டு மேலே வந்துவிடும். பெட் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. மூடிக்குப் பயன்படும் எச்டிபிஇ, பிபி இரண்டும் அடர்த்தி குறைந்தவை. மறுசுழற்சி ஆலைகளிலும் நொறுக்கிய துண்டுகளைத் தொட்டியில் கொட்டி இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

பிறகு காயலான் கடை. அட்டைப்பெட்டி, இரும்பு, பாட்டில் எல்லாம் தராசில் ஏறும். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் கடைக்காரர் பெரும்பாலும் தலையாட்டி மறுத்துவிடுவார். பிளாஸ்டிக் படலமும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிய பொருள் அது, பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது.

இவ்வளவு கைப்பழக்கம் வந்தபின் ஏட்டுப் படிப்பு எளிது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொன்ன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் தொடங்கலாம். அதே ஆண்டு மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 3 பாகங்களில் வெளியிட்ட கையேடு, நகராட்சி அலுவலர்களுக்கானது. தேவையான அத்தியாயத்தை மட்டும் புரட்டினால் போதும். பாடமாகக் கேட்க விரும்புவோருக்கு என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் காணொளி வகுப்புகள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

உலகக் கணக்குக்கு உலக வங்கியின் 2018 அறிக்கை இருக்கிறது. 2016-ல் நகரங்களும் ஊர்களும் கொட்டிய திடக்கழிவு 201 கோடி டன். 2050-ல் 340 கோடி டன் ஆகலாம் என்கிறது அது. அந்த எண்ணின் கனம் புரிய, பக்கத்திலுள்ள உரக்கிடங்கில் ஒரு காலை நிற்க வேண்டும். காய்கறித் தோலுக்கு நடுவிலிருந்து ஷாம்பூ சாஷேக்களைத் தூய்மைப் பணியாளர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.