நிலத்துக்கும் ஓய்வு வேண்டும்

அமாவாசையன்று மாட்டை ஏரில் பூட்டாத வழக்கம் நம் கிராமங்கள் பலவற்றில் உண்டு. உழைத்த மாடு ஓய்ந்தால்தான் மறுநாள் ஏர் ஒழுங்காக ஓடும் என்பது உழவர் அறிந்ததே. ஆனால் மாட்டுக்குக் கொடுக்கும் ஓய்வை நிலத்துக்குக் கொடுக்க நாம் மறந்துவிடுகிறோம்.

கல்வராயன் மலையில் முன்னோர் காட்டைத் திருத்திச் சாமையும் தினையும் விதைத்தனர். சில போகம் எடுத்தபின் அவ்விடத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டனர். அங்கு முளைத்த புதர்கள் ஆழத்திலுள்ள சத்தை வேர் மூலம் மேலே கொணர்ந்தன. சருகு உதிர்ந்து மக்கி உரமாயிற்று. இன்று அவ்வளவு நிலமும் இல்லை, காத்திருக்கக் காலமும் இல்லை. கைக்குப் பணம் வருவதால் சரிவு நிலத்திலும் ஆண்டுதோறும் மரவள்ளியே நடுகிறோம்.

மகசூல் ஏன் குறைகிறது?

மரவள்ளி நட்டு முதல் மூன்று மாதம் இலை நிலத்தை மூடுவதில்லை. அப்போது பெய்யும் மழை மேல்மண்ணை அடித்துச் செல்கிறது. கிழங்கு பிடுங்கும்போது மண் மீண்டும் இளகுகிறது. கிழங்கோடு சாம்பல் சத்து ஏராளமாக வெளியேறுகிறது. மேலும், ஒரே பயிர் தொடர்ந்து நிற்பதால் பூச்சிக்கும் நோய்க்கும் இடைவிடாது இரை கிடைக்கிறது. தேமல் நோய் கரணை வழியாகவும் பரவுகிறது. 2020-ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சியும் இப்போது சேர்ந்துகொண்டது.

"இருப்பதே ஒரு ஏக்கர். அதையும் சும்மா போட்டால் உலை எப்படிங்க கொதிக்கும்?" என்று வெள்ளிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஓய்வு என்றால் நிலத்தை வெறுமையாகப் போடுவது அன்று. வெறும் நிலம் மழையில் இன்னும் அதிகமாக அரிக்கும். வேலையை மாற்றிக் கொடுப்பதே நிலத்துக்கு ஓய்வு.

செய்முறை

1. ஒரு ஏக்கரைச் சரிவுக்குக் குறுக்காக 25 சென்ட் வீதம் நான்காகப் பிரிக்கவும். ஆண்டுக்கு ஒரு பாகத்தில் மட்டும் மரவள்ளியை நிறுத்தவும். நான்கு ஆண்டில் நிலம் முழுவதும் ஒரு சுற்று ஓய்ந்துவிடும்.

2. ஓய்வு பாகத்தில் ஆனி மாத மழையில் 3 கிலோ சணப்பை விதைக்கவும். 45 முதல் 60 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். இதனால் தழைச்சத்தும் மக்கும் சேரும்.

3. புரட்டாசி, ஐப்பசியில் அதே இடத்தில் 2 கிலோ கொள்ளு விதைக்கவும். பருப்பு வீட்டுக்கு, பொட்டு மாட்டுக்கு.

4. வீட்டில் தானியம் தேவைப்படுவோர் சணப்பைக்குப் பதில் சாமை விதைக்கலாம். சாமையும் சத்தை எடுக்கும். ஆகவே தொழு உரம் இட்டு விதைத்து, பின்னர் ஈரம் இருக்கும்போதே கொள்ளு போடவும்.

5. பாகங்களுக்கு இடையே கல் வரப்போ வெட்டிவேர் வரிசையோ அமைக்கவும். சருகைக் கொளுத்த வேண்டாம்.

6. மீண்டும் மரவள்ளி நடும்போது தேமலும் மாவுப்பூச்சியும் இல்லாத செடியிலிருந்தே கரணை எடுக்கவும். மண் பரிசோதனைப்படி உரமிடவும்.

முதல் ஆண்டில் கால் பங்கு நிலத்தின் கிழங்குப் பணம் வராது என்பதை மறைப்பதற்கில்லை. கடன் வாங்கி நடுவோருக்கு இது சுமைதான். அத்தகையோர் 10 சென்டில் தொடங்கலாம்.

அடுத்த அறுவடையில் ஓய்ந்த பாகத்தின் கிழங்கையும் ஓயாத பாகத்தின் கிழங்கையும், ஒரே அளவு இடத்தில் பிடுங்கித் தனித்தனியே எடை போடுங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் தராசு சொல்வதைக் கேட்டு, அதன்பின் அதிக நிலத்துக்கு இம்முறையைக் கொண்டுசெல்வது நன்று.