சிபாரிசுக் கடிதம்: யாரிடம் கேட்பது?

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். மதிப்பெண் எடுக்கும் வித்தையை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கோ வெளிநாட்டு மேற்படிப்புக்கோ விண்ணப்பித்தால், மதிப்பெண் பட்டியலோடு ஆசிரியரின் கடிதமும் கேட்பார்கள். சிபாரிசு என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரிய மனிதரின் லெட்டர்பேடும் பச்சை மையும்தான். மாணவர்கள் முதல்வர் அறை வாசலில் போய் நிற்பதும் அந்தப் பழக்கத்தில்தான். அவர்கள் போக வேண்டிய இடம் லேப். தங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நேற்றுச் சேர்ந்த உதவிப் பேராசிரியராகவே இருக்கட்டும். பெயர்கூடத் தெரியாத முதல்வரைவிட அவரால் வலுவாக எழுத முடியும்.

கணித மேதை ராமானுஜன் கதையில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தபோது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரையை இணைத்தார், வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். அது வெறும் புகழுரை அல்ல. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு இணையான புதுமை இதில் தெரிகிறது என்றார். முழுமையும் துல்லியமும் போதவில்லை என்றார். இந்தப் பிரிவு தன்னுடைய துறை அல்ல என்பதையும் மறைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியின் ஆர்வமும் சேர்ந்துகொள்ள, கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வே தேறாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. வாக்கரும் பெரிய பதவிக்காரர்தானே என்று கேட்கலாம். பதவி இருந்ததால்தான் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள். அதை நம்பியதற்குக் காரணம், பார்த்ததை மட்டும் எழுதியிருந்தது.

அறுபது பேர் உட்காரும் வகுப்பில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது நியாயமான மறுப்பு. ‘நீயே டைப் பண்ணிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்’ என்று ஆசிரியர் சொல்வதும் சோம்பலால் மட்டும் அல்ல, எழுத அவரிடம் சரக்கு இல்லை. சரக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது மாணவரின் வேலை. ஓர் உதாரணம்: பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. பச்சை நிறம் தருவது அந்த பேரியம்தான். சிவகாசியில் வேதியியல் படிக்கும் ஒரு மாணவி அதற்கு மாற்று தேடிப் புராஜெக்ட் செய்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் கேட்கப் போகும்போது அந்த அறிக்கையை எடுத்துப் போகலாம். எந்த முயற்சி தோற்றது, அடுத்து என்ன மாற்றினாள், எந்தப் படிப்புக்கு எதற்காகப் போகிறாள், கடைசித் தேதி என்ன என்பதை ஒரே பக்கத்தில் எழுதிச் சேர்க்கலாம். கடிதத்தையே எழுதிக் கொடுத்தால்தான் சிக்கல்: மூன்று ஆசிரியர்களின் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் தேர்வுக்குழுவுக்குப் புரியாமல் போகாது.

நேரம் இன்னொரு விஷயம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பரில் கெடு முடிகிறது. நவம்பரில் இங்கே செமஸ்டர் தேர்வு, பின்னாலேயே விடைத்தாள் கட்டுகள். ஆகஸ்டிலேயே கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது. கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு ஆசிரியரின் எந்த மின்னஞ்சலுக்கு வர வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். கல்லூரி முகவரி இருந்தால் அதுவே மேல்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகளுக்கு, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேலைக்குப் போகும் தாய்தகப்பனின் பிள்ளைகளுக்கு, கேட்கவே கூச்சம். தயவு கேட்பதாக நினைக்கிறார்கள். மாணவரைப் பற்றி எழுதுவதும் ஆசிரியர் வேலையில் சேர்ந்ததுதான். இதை ஆசிரியர்களே வகுப்பில் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். கேட்கும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். ‘லெட்டர் தருவீங்களா சார்?’ என்றால் பெரும்பாலோர் தலையாட்டிவிடுவார்கள். ‘என் புராஜெக்டைப் பத்தி விவரமா எழுத முடியுமா சார்?’ என்று கேட்டால் முடியாதவர் தயங்குவார். தயங்குபவரை வற்புறுத்தாமல் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகலாம். ஒப்புக்கொண்டவருக்குக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல் போதும்.