தீர்ப்பு சொன்ன கோர்ட்டு மீது பக்தர்கள் கோபம்!

கார்த்திகை பிறந்தால் கிண்டி ரெயில் நிலையத்தில் கறுப்பு வேட்டிகள் தென்படும். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களிலும் மாலை போட்டவர்கள் இருப்பார்கள். வீட்டில் மனைவி விடியற்காலையில் குளித்துச் சமைத்துக் கொடுப்பாள். ஆனால் மலைக்கு அவள் போவதில்லை. 10 வயது முதல் 50 வயது வரை உள்ள பெண்கள் சபரிமலைக்குப் போகக்கூடாது என்பது வழக்கம்.

இந்த வழக்கம் செல்லாது என்று 2018 செப்டம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நீதிபதிகள் 5 பேர். அவர்களில் 4 பேர், "எல்லா வயதுப் பெண்களும் போகலாம்" என்றார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார். மத நம்பிக்கையில் கோர்ட்டு சாதாரணமாகத் தலையிடக்கூடாது என்பது அவர் கருத்து. அவர் யார் தெரியுமா? அந்த ஐவரில் ஒரே பெண்ணான இந்து மல்கோத்ரா!

பெண்களே எதிர்ப்பு

தீர்ப்பைக் கேட்டுப் பக்தர்கள் பலர் கொதித்தார்கள். "ஐயப்பன் பிரம்மச்சாரி. அவர் சன்னதி வழக்கத்தைக் கோர்ட்டு மாற்றலாமா?" என்று கேட்டார்கள். கேரளத்தில் பெண்களே ஆயிரக்கணக்கில் சரணம் சொல்லி ஊர்வலம் போனார்கள்.

"கடவுள் முன் ஆண் என்ன, பெண் என்ன?" என்று கேட்ட பெண்களும் உண்டு. சென்னை 'மனிதி' அமைப்பைச் சேர்ந்த 11 பெண்கள் 2018 டிசம்பர் 23-ந் தேதி பம்பைக்குப் போனார்கள். வழி மறிக்கப்பட்டது. சாமி பார்க்காமலே திரும்பினார்கள். தீர்ப்பு கையில் இருந்தும் பாதை திறக்கவில்லை!

அமெரிக்காவிலும் இதே கதை

நியூயார்க் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சொல்வதற்காக 22 வார்த்தைகளில் ஒரு பிரார்த்தனையை அரசாங்க அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1962-ல் தீர்ப்பளித்தது. கடவுளைப் பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டிவிட்டார்கள் என்று மதப்பற்று உள்ளவர்கள் நீதிபதிகளை ஏசினார்கள். அரசியல் சட்டத்தையே திருத்தப் பார்த்தார்கள். முடியவில்லை.

குறை சொல்லலாமா?

தீர்ப்பைக் குறை சொல்வது குற்றமா? இல்லை. முடிந்துபோன ஒரு வழக்கின் தீர்ப்பை நியாயமான முறையில் விமர்சிப்பது கோர்ட்டு அவமதிப்பு ஆகாது என்று 1971-ம் ஆண்டுச் சட்டமே சொல்லுகிறது. ஆனால் நீதிபதியை மிரட்டுவது வேறு. கோர்ட்டுக்குச் சொந்தமாகப் படையும் இல்லை, பணப்பெட்டியும் இல்லை. ஜனங்கள் வைத்திருக்கும் மதிப்புத்தான் அதன் பலம்.

மீண்டும் கோர்ட்டு வாசலில்

கோபம் கொண்டவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? தீர்ப்பை மறுபடி பரிசீலிக்கும்படி அதே சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார்கள்! 50-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. மதமும் உரிமையும் மோதும் கேள்விகளைப் பெரிய பெஞ்சு ஆராயட்டும் என்று 2019 நவம்பர் 14-ந் தேதி உத்தரவு பிறந்தது. 2020-ல் 9 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு உட்கார்ந்தது.

"கோர்ட்டு தலையிடலாமா?" என்று கேட்டவர்களும், "கோர்ட்டு சொன்னபடி நடக்கட்டும்" என்றவர்களும் கடைசியில் போய் நின்றது ஒரே வாசலில்தான்.