ஒரு மூட்டை நெல் ஆயிரம் ரூபாய்: பழைய அம்பாசடருக்கு எந்த இன்ஜின்?

தஞ்சாவூர்ப் பக்கம் தாத்தா காலத்து அம்பாசடரை இன்னும் கொட்டகையில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த வண்டி புகை கக்க ஆரம்பித்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதே பெட்ரோல் இன்ஜினைச் சரிசெய்யலாம் என்பார் ஒருவர், டீசல் போட்டுவிடலாம் என்பார் இன்னொருவர், மகனுக்கு இசுசு இன்ஜின் மேல் ஆசை. யோசனைகளைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுவோம். அலகு நம் ஊர் அலகாகவே இருக்கட்டும். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 131. இரண்டும் சேர்ந்து 2,500. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. ஆக ஒரு மூட்டை என்றால் 1,000 ரூபாய்.

முதலில் இன்ஜின்கள். 1959 முதல் அம்பாசடரில் வந்தது பி.எம்.சி. பி-சீரிஸ், 1,489 சி.சி. பெட்ரோல், சுமார் 50 குதிரைத்திறன். 1980 வாக்கில் அதே 1,489 சி.சி.யில் டீசல் வந்தது. அதன் சக்தி சுமார் 37. 1990களில் இசுசு வந்தது: பெட்ரோல் 1,817 சி.சி., சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். டீசல் 1,995 சி.சி. இவை தவிர மெடடோர் வேன் இன்ஜினைத் தூக்கி அம்பாசடரில் வைக்கும் வழக்கமும் பட்டறைகளில் இருந்தது. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. இனி எதைப் போட்டாலும் பழைய இன்ஜின்தான்.

இந்த வண்டிக்கு உண்மையில் எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? நான்கு பேரோடு 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை வரை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. ஆகவே சுமை என்பது டயர் உருளும் தடையும் காற்றும்தான். 60 கி.மீ. வேகத்தில் டயருக்குச் சுமார் 205 நியூட்டன், காற்றுக்கு 175. கியர்பாக்ஸிலும் பின் ஆக்சிலிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் 10 குதிரைத்திறன் போதும். வயலில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் இரண்டு செய்கிற வேலை அது. 80 கி.மீ. வேகத்துக்கு 18. கும்பகோணம் சாலையில் பேருந்துகளுக்கும் நெல் லாரிகளுக்கும் நடுவே 80 தொடுவதே அபூர்வம். 50 குதிரைத்திறனில் பெரும்பங்கு நமக்குப் பயன்படாமலே கிடக்கிறது. 75 வாங்கினால் கிடப்பது இன்னும் கூடும். கொடைக்கானல் மலைப்பாதையில் அடிக்கடி ஏறுகிறவருக்குக் கணக்கு வேறு.

அமெரிக்காவில் பழைய காரில் பெரிய இன்ஜின் வைத்து ‘ஹாட் ராட்’ கட்டியவர்கள் சக்தியைத்தான் முதலில் பார்த்தார்கள். 1932இல் ஃபோர்டு விற்ற வி-8 இன்ஜினுக்கு 65 குதிரைத்திறன். 1955இல் ஷெவ்ரோலே வி-8 வந்ததும் பலர் அதற்கு மாறினார்கள். அவர்கள் பந்தயத்துக்காகக் கட்டினார்கள். நாம் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஓட்டுகிறோம்.

இனி எரிபொருள். ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓடுகிறது என்று வைப்போம். பெட்ரோல் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தால் 300 லிட்டர். 101 ரூபாய் வீதம் 30,300. டீசல் 13 கி.மீ. கொடுத்தால் 231 லிட்டர். 93 ரூபாய் வீதம் ஏறக்குறைய 21,500. ஆண்டுக்கு மிச்சம் 8,800, அதாவது ஒன்பது மூட்டைக்கும் குறைவு.

இந்த மிச்சத்துக்குக் கொடுக்கும் விலை என்ன? பட்டறைக்குப் பட்டறை தொகை மாறும். கணக்குக்காகச் சொந்த இன்ஜினை ரீகண்டிஷன் செய்ய 60,000 வைக்கிறேன். டீசலுக்கு மாற 1,50,000. பழைய இன்ஜின் விலை அதில் ஒரு பங்குதான். அந்த இன்ஜினுக்கும் ஓவர்ஹால், பம்ப் காலிபரேஷன், பொருந்துகிற கியர்பாக்ஸ், புது மவுண்டிங், ரேடியேட்டர், பெரிய பேட்டரி எல்லாம் பின்னாலேயே வரும். முன்பக்கம் டார்ஷன் பார் தாங்கும் வண்டி என்பதால், கனமான இன்ஜின் ஏறினால் மூக்கு தாழும். அதையும் சரிசெய்ய வேண்டும். வித்தியாசம் 90 மூட்டை. நல்ல சம்பா விளைச்சலில் ஏக்கருக்கு 60 மூட்டை என்றால் ஒன்றரை ஏக்கர் மகசூல் முழுதும். ஆண்டுக்கு 8,800 வீதம் அது திரும்பி வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

டாக்சிக்காரர்கள் டீசலுக்குப் போனது சரியான முடிவு, அதையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் இன்றைய விலையிலேயே 44 மூட்டை மிச்சம். கூடுதலாகப் போட்ட பணம் ஏறக்குறைய இரண்டே ஆண்டில் வந்துவிடும். 1980களில் டீசல் விலை பெட்ரோலில் பாதிக்கும் கீழே இருந்தது. இன்று இடைவெளி எட்டு ரூபாய்தான்.

ஆகவே என் ஓட்டு 1,489 பெட்ரோலுக்கே. ஆனால் அந்த 60 மூட்டையை எங்கே செலவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலிண்டரின் மூல விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. லேத் பட்டறையில் டயல் கேஜ் விட்டு மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், குறுக்கிலும் நெடுக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் எவ்வளவோ அதற்கு ஏற்ற ஓவர்சைஸ் மட்டும் போதும். 20 தௌவில் (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுத்தமாகிற சிலிண்டரை 40 தௌவுக்குக் கடைந்தால் அடுத்த தலைமுறைக்கு இரும்பு மிஞ்சாது. 40 தௌ போனால் கொள்ளளவு 1,531 சி.சி. ஆகும், கூடுவது 42 சி.சி., ஓட்டத்தில் தெரியவே தெரியாது.

சிலிண்டர் ஹெட்டில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குப் பிறந்தது. ஈயம் வால்வு சீட்டைக் காத்தது. 2000 பிப்ரவரியோடு நாடெங்கும் அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. கடின சீட் போடாத ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சிறுகச் சிறுக உள்ளே இறங்கும். 15 தௌ வைத்த டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தம் அடங்குவதால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று தோன்றும், கடைசியில் வால்வு மூடாமல் எரிந்துபோகும். நான்கு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் கடின சீட் கட்டாயம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மொத்தத்தில் 6 முதல் 7 சதவீதம் போகும். கார்புரேட்டர் ஜெட்டை அதற்கேற்ப மாற்றி, ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாகப் போட வேண்டும்.

சட்டமும் இதே பக்கம்தான். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021இல் வந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியை விண்டேஜ் எனப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அதில் இடமில்லை. சாதாரணப் பதிவிலேயே தொடர்ந்தால், 20 ஆண்டைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 முதல் 10,000. 1970களின் முற்பாதியில் பதிவான வண்டிக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. டீசல் போட்டால் முதல் வழி அடைபடும்.

திருச்சி விமான நிலையத்துக்கு வாராவாரம் ஆள் ஏற்றிப் போகிறவருக்கு இசுசு 1,817 நல்ல இன்ஜின். அவர் இசுசுவோடு பிறந்த அம்பாசடரையே தேடி வாங்கட்டும். வாங்கும்போது ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணையும் டார்ச் அடித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.